சுரங்கத்துச் சாவு யார் செயல்?

(சுரங்கப் பொறியியல் மாணவர்கள் கூட்டத்தில் பேசியது)



கடைசி வருஷத்து மாணவர்கள் எல்லோரும் சர்வகலாசாலைக்கு ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறதென்றும், அதைப்பற்றி நாம் ஏதாவது சொல்லவேண்டுமென்றும் இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் சுரங்க சாஸ்திரம் கற்றவரல்ல. பாறையைத் துளைப்பது எப்படி, கூரைக்கு முட்டுக் கொடுப்பது எப்படி என்று உங்களுக்கு நாம் சொல்ல ஆரம்பித்தால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகவே முடியும். ஆனால் ஆராய்ச்சி என்கின்ற வார்த்தையில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஏன், எப்படி, யாரால் என்று கேட்பதுதானே ஆராய்ச்சி? அப்படிக் கேட்ட குற்றத்திற்காகவே நாஸ்திகர்கள் என்றும், குலத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்றும் பெயர் வாங்கிக்கொண்டவர்கள் நாம். அந்தப் பாத்தியதையைக் கொண்டே பேசுகிறோம்.

உங்களில் பலர் எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கும் விஷயங்களின் ஜாபிதாவை நம்மிடம் காட்டினார்கள். எந்த வெடிமருந்தில் செலவு குறையும், எந்த லாரியில் டீசல் மிச்சமாகும், ஒரு ஷிப்டுக்கு எத்தனை டன் கூடும் என்பவைகளே அதில் அதிகம். இவை வேண்டாதவை என்று நாம் சொல்ல வரவில்லை. செலவு குறைந்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஜாபிதா முழுவதிலும், சுரங்கத்திற்குள் போன மனிதன் ஏன் சாகிறான் என்கின்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. போன வருஷத்துக் கட்டுரையை எடுத்து, மேலட்டையை மாற்றி, உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, மூலையில் மஞ்சள் தடவிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமும் பல இடங்களில் உண்டென்று கேள்விப்படுகிறோம். அது ஆராய்ச்சியல்ல, திவசம். போன வருஷம் செய்ததையே இந்த வருஷமும் அர்த்தம் தெரியாமல் செய்வதற்கு வேறு என்ன பெயர்?

நிற்க, சுரங்கத்தில் வெடி நேர்ந்து நூறு பேர் இறந்தால் என்ன சொல்லுகிறார்கள்? இறந்தவன் வீட்டில் விதி முடிந்தது என்கிறார்கள். முதலாளியோ தெய்வச் செயல் என்கிறான். ஆங்கிலேயருடைய சட்டத்திலேயே இந்தத் தெய்வச் செயல் என்கின்ற வார்த்தை இருக்கிறது. இருவரும் ஒரே கடவுளைத்தான் சொல்லுகிறார்கள் என்றாலும், ஒருவன் துக்கத்தினால் சொல்லுகிறான், மற்றவன் கணக்குப் பார்த்துச் சொல்லுகிறான். கடவுள் செய்தார் என்று ஏற்பட்டுவிட்டால் நஷ்டஈடு கொடுக்கவேண்டியவரும் கடவுள்தானே! அவர் பேரில் எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது? சம்மனை எந்த விலாசத்திற்கு அனுப்புவது?

வடக்கே ஜரியா வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்களின் வாயிலில் காளி கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டே இறங்குகிறார்கள். நம் நாட்டுப் பாமரர்கள்தான் இப்படியென்று எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் கத்தோலிக்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு பார்பரா என்றொரு புனிதவதி உண்டு. டிசம்பர் 4-ந் தேதி அவளுக்குத் திருவிழா. ஆனால் காளி காக்கின்ற சுரங்கத்திலும் சரி, பார்பரா காக்கின்ற சுரங்கத்திலும் சரி, மீத்தேன் வாயு காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரையில் கலந்திருந்தால், ஒரு பொறி பட்ட மாத்திரத்தில் வெடிக்கிறது. வாயுவுக்கு எந்த மதமும் தெரிவதில்லை.

படித்தவர்களும் இதிலிருந்து தப்பியவர்களல்ல. அக்ரிகோலா என்கின்ற ஜெர்மானிய வைத்தியர் சுரங்கத் தொழிலைப்பற்றி லத்தீனில் எழுதிய பெரிய புத்தகம் 1556-ம் வருஷத்தில், அவர் இறந்த மறுவருஷம், வெளிவந்தது. இருநூறு வருஷகாலம் அத்தொழிலுக்கு அதுவே ஆதார நூல். அதில், கல்தூசி நுரையீரலை அரித்துவிடுகிறதென்றும், கார்ப்பாத்திய மலைப்பக்கத்துச் சுரங்கங்களில் இந்நோய்க்கு ஒருவர் பின் ஒருவராக ஏழு புருஷர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்களென்றும், தொழிலாளி முகத்தில் துணி கட்டிக்கொள்ளவேண்டுமென்றும் எழுதியிருக்கிறார். எவ்வளவு கூர்மையான பார்வை! ஆனால் அதே புத்தகத்தில், சில சுரங்கங்களில் கொடிய பிசாசுகள் இருக்கின்றன, பிரார்த்தனையாலும் உபவாசத்தாலும் அவைகளை ஓட்டலாம் என்றும் எழுதி வைத்தார். ஒரே கை, ஒரே பேனா!

அந்நாளில் ஜெர்மானியச் சுரங்கங்களில் ஒருவிதத் தாதுவை உருக்கினால் வெள்ளி வராமல் விஷப்புகைதான் வந்தது. கோபால்டு என்கின்ற குட்டிப்பிசாசு வெள்ளியைத் திருடிக்கொண்டு இதை வைத்துவிட்டுப் போகிறது என்றார்கள். 1730-களில் ஸ்வீடன் தேசத்து பிராண்ட் என்பவர் அத்தாதுவிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்தெடுத்தார். புகைக்குக் காரணம் அதனுடன் சேர்ந்திருந்த பாஷாணம். பிசாசின் பெயர் கோபால்ட் என்று இன்றும் உங்கள் ரசாயனப் புத்தகத்தில் இருக்கிறது. பிசாசைத்தான் காணோம்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகிறோம். அது கரித்தூளைப்பற்றியது. ஒரு சர்வகலாசாலை மாணவன் தன் ஆராய்ச்சி எப்படியிருக்கவேண்டும் என்று கேட்டால், இந்தக் கரித்தூளின் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

கட்டியாயிருக்கும் நிலக்கரியில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. அதையே மாவாக்கிக் காற்றில் தூவிவிட்டு நெருப்புக் காட்டினால் வெடிக்கிறது. அரிசிமாவானாலும் கோதுமைமாவானாலும் அப்படித்தான். ஒரே கட்டியாயிருக்கும்பொழுது காற்றுப் படுவது மேற்புறம் மாத்திரமே. தூளாகிவிட்டாலோ துகள் ஒவ்வொன்றின் எல்லாப் பக்கமும் காற்று படுகிறது. ஆகவே எல்லாம் ஒரே நொடியில் எரிந்துவிடுகிறது. சுரங்கத்தில் நடப்பது என்னவென்றால், எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் மீத்தேன் வெடிக்கும். அது சின்ன வெடிதான். அந்த வெடியின் காற்று வேகம் முன்னால் ஓடித் தரையிலும் முட்டுக்கட்டையிலும் வருஷக்கணக்காய்ப் படிந்திருக்கும் தூளைக் கிளப்பிவிடும். பின்னால் வரும் ஜுவாலை அந்தத் தூளைப் பற்றிக்கொள்ளும். அது இன்னும் பெரிய காற்றைக் கிளப்பும். இப்படியே மைல்கணக்கில் ஓடும். முதல் பொறி ஒரு மூலையில், பிணங்கள் சுரங்கம் முழுவதிலும். வாயுவே இல்லாத இடத்தில் ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்று புரியாமல்தான் அக்காலத்தவர்கள் ஆண்டவன் கோபம் என்றார்கள்.

1844-ம் வருஷம் இங்கிலாந்தில் ஹாஸ்வெல் என்ற சுரங்கத்தில் 95 பேர் இறந்தார்கள். சர்க்கார், மின்சார ஆராய்ச்சியில் பேர்பெற்ற பாரடேயையும் பூகர்ப்ப சாஸ்திரி லையலையும் விசாரிக்க அனுப்பியது. பாரடே சுரங்கத்திற்குள் போய், காற்றோட்டத்தின் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்தியில் தூவி, அந்தப் புகை போகிற வேகத்தைக் காட்டினார்களாம். மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள். பை எங்கே என்றார். தாங்கள் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான் என்றார்களாம்! அவ்வளவு அலட்சியம். அவ்விருவரும் கொடுத்த அறிக்கையில் வாயுவோடு கரித்தூளும் எரிந்திருக்கிறதென்று தெளிவாக எழுதினார்கள். ஆனால் மரண விசாரணை ஜூரிகள் தற்செயலான மரணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

முப்பது வருஷம் கழித்து காலோவே என்பவர் மறுபடியும் இதை எடுத்தார். அவர் சர்க்கார் சுரங்க இன்ஸ்பெக்டராயிருந்தவர். 1870-களில் சோதனைகள் செய்து, கரித்தூள்தான் பெரிய வெடிகளுக்குக் காரணம் என்று எழுதினார். இது யாருக்கும் ருசிக்கவில்லை. தூள்தான் காரணமென்றால் தூளை வாரவேண்டும், தண்ணீர் தெளிக்கவேண்டும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும். உத்தியோகத்தை விட்டு வெளியே வந்தபின்பும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. 1891-ல் கார்டிப் நகரத்துச் சர்வகலாசாலைக் கல்லூரியில் முதலாவது சுரங்கப் பேராசிரியரானார்.

தோழர்களே! இந்த இடத்தில் பக்திமான்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பிரான்சு தேசத்தில் மல்லார், லெ ஷாத்தலியே என்கின்ற இரண்டு பெரிய விஞ்ஞானிகள், மீத்தேன் இல்லாத இடத்தில் வெறும் கரித்தூளினால் பெரிய ஆபத்தில்லை என்று 1882-ல் சொல்லிவிட்டார்கள். சின்னச் சோதனைச்சாலையில் சிறிதளவு தூளை வைத்துப் பார்த்துச் சொன்னது. லெ ஷாத்தலியே பெயரை நீங்கள் எல்லோரும் ரசாயனத்தில் பாடம் பண்ணியிருப்பீர்கள். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதால் அந்நாட்டில் அதுவே வேதமாயிற்று. வடபிரான்சில் கூரியேர் சுரங்கம் வாயு இல்லாத நல்ல சுரங்கம் என்று பெயர் வாங்கினது. 1906 மார்ச் 10-ந் தேதி காலையில் அங்கே கரித்தூள் வெடித்தது. 1,099 பேர் மாண்டார்கள், அவர்களில் சிறுபிள்ளைகளும் அநேகர். உள்ளே இனி யாரும் உயிரோடிருக்க முடியாதென்று மூன்று நாளில் மீட்பு வேலையை நிறுத்திவிட்டார்கள். இருபதாவது நாள் பதின்மூன்று பேர் இருட்டில் தடவித் தடவித் தாங்களாகவே வெளியே வந்தார்கள். அதற்கும் சில நாள் கழித்து இன்னும் ஒருவர். அப்படியானால், மீட்பு வேலையை நிறுத்திய அன்று உள்ளே எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள்?

வேதம் சொன்னால்தான் கேட்கக்கூடாது, பேராசிரியர் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று பகுத்தறிவு சொல்லவில்லை. உங்கள் உபாத்தியாயர் சொன்னாலும், நாம் சொன்னாலும், அளந்து பார்க்கும் வரையில் அது ஒரு அபிப்பிராயம்தான்.

அளந்து பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஹால்டேன் என்கின்ற ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை விஞ்ஞானியைச் சொல்லவேண்டும். 1896-ல் வேல்ஸ் நாட்டில் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடி நேர்ந்து 57 பேர் இறந்தார்கள். ஹால்டேன் அங்கே போய்ப் பிணங்களைப் பரிசோதித்தார். வெடியில் சிதைந்து இறந்தவர்கள் சிலரே. மற்றவர்களின் உடம்பு ரோஜா நிறமாயிருந்தது. அவர்களைக் கொன்றது வெடியல்ல, வெடிக்குப்பின் வந்த கார்பன் மோனாக்ஸைடு வாயு. இது ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்குமேல் பலமாய் ஒட்டிக்கொள்ளும். வாசனையில்லை, நிறமில்லை. ஹால்டேன் அந்த வாயுவைத் தாமே சுவாசித்து, எவ்வளவு சுவாசித்தால் தமக்கு எப்போது கால் தள்ளாடுகிறது, எப்போது புத்தி மயங்குகிறது என்று குறித்து வைத்தார். மனிதனுக்கு முன்னால் சிறிய பிராணிகள் மயங்கிவிழும் என்று கண்டு, எலியையும் கேனரிக் குருவியையும் சுரங்கத்திற்குள் கொண்டுபோகச் சொன்னார். பிரிட்டனில் 1986 வரையில் அந்தக் குருவி வேலை பார்த்தது.

அவர் தம் சிறு பையனையும் சுரங்கத்திற்கு அழைத்துப்போவார். ஒரு நாள் மீத்தேன் நிறைந்த இடத்தில் பையனை நிமிர்ந்து நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். பாதியில் பையன் மூச்சுத்திணறி விழுந்தான். தரையில் விழுந்தவுடன் மூச்சு வந்துவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரைப்பக்கமாகவே நிற்கும் என்பதை அப்பையன் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். கடவுள் நம்பிக்கையற்றவர். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். தகப்பனார் ஹால்டேனின் சுரங்க ஆராய்ச்சிச் சாலை 1921-ல் பர்மிங்காம் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி, இதற்குப் பரிகாரம் ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. மந்திரமல்ல, சுண்ணாம்புக்கல் தூள்! ஆல்டாப்ஸ் என்ற சுரங்கத்தில் 1886-ல் வெடி நேர்ந்தபோது, கல்தூசி படிந்திருந்த வழியில் ஜுவாலை தானாக அணைந்துபோனதை கார்போர்த் என்பவர் கவனித்தார். பிற்பாடு 1908 முதல் அங்கேயே பெரிய அளவில் சோதனை செய்து காட்டினார். கரித்தூளோடு எரியாத கல்தூள் போதிய அளவு கலந்திருந்தால், அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெடி மேலே ஓடாது. மணல்கல்லைத் தூளாக்கித் தூவினால் நுரையீரல் கெடும். ஆதலால் சுண்ணாம்புக்கல்தான் சரி. இதைவிட மலிவான பரிகாரம் எந்தக் கோயிலில் கிடைக்கும்?

ஆனாலும் பரிகாரம் தெரிந்தபின்பும் மனிதர்கள் செத்தார்கள். 1913 அக்டோபர் 14-ந் தேதி வேல்ஸ் நாட்டு செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளிகளும், மீட்கப்போன ஒருவரும் இறந்தார்கள். அதே சுரங்கத்தில் 1901-லேயே ஒரு வெடியில் 81 பேர் இறந்திருந்தார்கள். காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கவேண்டுமென்று சட்டம் சொல்லியிருந்தது. அது செய்யப்படவில்லை. கடைசியாகச் சுரங்க மானேஜருக்குக் கோர்ட்டில் விதித்த அபராதம் 24 பவுன். வகுத்துப் பாருங்கள், ஒரு உயிருக்குப் பதின்மூன்று பென்ஸ் சொச்சம். நம் தேசத்தில் 1965 மே 28-ந் தேதி தன்பாத்துக்கு மேற்கே டோரி சுரங்கத்தில் 268 பேரைக் கொன்றதும் கரித்தூள் வெடிதான். தன்பாத்திலோ 1926 முதலே சுரங்கக் கல்லூரி இருக்கிறது!

பழங்கதை என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் 2010 ஏப்ரல் 5-ந் தேதி அப்பர் பிக் பிராஞ்ச் என்ற சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். கல்தூள் சரியாகத் தூவவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அபாயங்களைக் குறிக்கக் கம்பெனி இரண்டு நோட்டுகள் வைத்திருந்தது. ஒன்று தனக்கு, மற்றொன்று இன்ஸ்பெக்டருக்குக் காட்ட. கம்பெனித் தலைவருக்கு 2016-ல் ஓராண்டு சிறை கிடைத்தது. இதில் இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். இறந்தவர்களில் 24 பேருடைய நுரையீரலைச் சோதிக்க முடிந்தது. அவர்களில் 17 பேருக்கு வெடிக்கு முன்னாலேயே கரித்தூளால் நுரையீரல் நோய் இருந்தது. அதாவது, அன்று வெடி நேராமலிருந்தாலும் அந்தத் தூள் அவர்களைக் கொல்லாமல் விடப்போவதில்லை. கொஞ்சம் தாமதமாகக் கொன்றிருக்கும். அவ்வளவுதான்.

தாமதமாகக் கொல்லுகின்ற தூசியைப்பற்றி நம் தமிழ் மக்களுக்கு நன்றாய்த் தெரியும். கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் யார்? வடஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் போன தமிழர்கள். அவர்களிலும் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தீண்டாதார் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஆதிதிராவிடத் தோழர்கள். ஊரிலே பண்ணையாருக்கு அடிமையாயிருப்பதைவிட மூன்று கிலோமீட்டர் ஆழத்து இருட்டே மேல் என்று போனார்கள். போன இடத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், பத்திரிகை படித்தார்கள். அந்தச் சுயமரியாதைக்கு அவர்கள் கொடுத்த விலை நுரையீரல். தங்கம் இருக்கும் பாறை வெண்கல் பாறை. அதன் தூசி உள்ளே போனால் நுரையீரல் வடுவேறிக் கெட்டியாகிவிடும். சிலிக்கோசிஸ் என்கிறார்கள். இந்தியாவில் இந்நோய் முதன்முதல் எழுத்தில் ஏறியது 1934-ல், கோலாரில்தான். சுரங்கமோ 1880 முதல் நடந்தது. இடையில் ஐம்பது வருஷம் இருமிச் செத்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? காசநோய் என்றோ, குடித்துக் கெட்டான் என்றோ, தலையெழுத்து என்றோ எழுதியிருப்பார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. மேலே இருந்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். கீழே இருந்தவர்கள் நெஞ்சில் தூசியோடு போனார்கள்.

இன்றைக்கும் கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் வேலை செய்கின்றவர்களுடைய சிலிக்கோசிஸ் காசநோய் என்று தவறாக எழுதப்படுவதுண்டு. நோயின் பெயரை மாற்றி எழுதினால் நஷ்டஈடும் மாறிப்போகிறது. பெயர் மாற்றம் இவ்வளவு லாபகரமான தொழிலாயிருக்கும்போது அதை யாரும் சும்மா விடுவார்களா?

பெண்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. முன் வரிசையில் சில தோழியர்கள் இருக்கிறார்கள். பெண் இறங்கினால் சுரங்கத்திற்கு ஆகாது என்கின்ற நம்பிக்கை பல தேசங்களில் இருந்தது. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் பூமிக்கடியில் வேலை செய்தவர்களே. 1930-களில் அவர்களை வெளியேற்றினார்கள். 1943-ல் யுத்தத்துக்கு நிலக்கரி போதாமற் போகவே, தடையை எடுத்து மறுபடியும் உள்ளே இறக்கினார்கள். 1946-ல் யுத்தம் முடிந்ததும் மறுபடியும் தடை. 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டமும் அதையே சொல்லிற்று. தகுதிபெற்ற பெண்கள் பகல் நேரத்தில் உள்ளே போய் மேற்பார்வை, தொழில்நுட்ப வேலைகள் பார்க்கலாமென்று 2019-ல்தான் உத்தரவு பிறந்தது. கரி வேண்டியிருந்தபோது பெண்ணின் மென்மை எங்கே போயிற்று என்று யாராவது ஒரு தோழியர் ஆராய்ச்சி செய்து எழுதினால், அதைப் படிக்க நாம் ஆவலாயிருப்போம்.

சரி, கட்டுரைக்கு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நமக்குத் தெரிந்தவரையில் சொல்லுகிறோம். நிலக்கரிச் சுரங்கத்திற்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள், வழியில் படிந்திருக்கும் தூளை இடம்விட்டு இடம் எடுத்து, அதில் எரியாத பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம். உலர்த்தி ஈரத்தை அளந்து, உலையில் எரித்து மிச்சத்தை நிறுத்தால் போதும். உலையின் சூட்டை ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டால் சுண்ணாம்புக்கல்லே சிதைந்து எடை குறைந்துவிடும், கணக்குத் தப்பிப்போகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆழத் தோண்டி எடுக்காமல் மேல்படிவை எடுங்கள். கல்தூளின் மேல் காகிதக் கனத்திற்குப் புதிய கரித்தூள் படிந்தாலும் வெடி ஓடும். நேற்றுக் கல்தூள் தூவினோம் என்று நோட்டில் எழுதியிருப்பது இன்றைக்குச் சரியா என்று பார்ப்பதே ஒரு நல்ல கட்டுரை. குவாரிக்குப் போகிறவர்கள், துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி எவ்வளவு குறைகிறது என்று அளக்கலாம். தண்ணீர் வசதி இருந்தும் ஏன் விடுவதில்லை என்று தொழிலாளியைக் கேட்டும் எழுதலாம். துண்டுக்கூலி முறையில் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குக் கூலியில்லை என்று அவர் சொல்லக்கூடும். அதுவும் பொறியியல்தான்.

எழுதினதைத் தமிழில் நான்கு பக்கத்துக்குச் சுருக்கி, யாருடைய மூச்சை அளந்தீர்களோ அவரிடத்தில் ஒரு பிரதி கொடுங்கள். அவருக்குப் புரியாது என்று சொல்லாதீர்கள். அவருக்குப் புரியும்படி எழுதத் தெரியாது என்றால் அதை ஒப்புக்கொள்ளலாம்.

பேச்சின் நடுவில் ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “இப்படிப்பட்ட விஷயத்தை எடுத்தால் கம்பெனிக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். பயிற்சி கிடைக்காது. மார்க்கும் போய்விடும். அப்புறம் வேலை யார் கொடுப்பார்கள்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. வீட்டில் கடன் வாங்கிப் படிக்கவைத்திருப்பார்கள். அவரைப் பார்த்து நீ தியாகம் செய் என்று மேடையிலிருந்து உபதேசிப்பது சுலபம். நாம் அதைச் செய்யப்போவதில்லை. அவருக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். உங்கள் கல்லூரியிலேயே பாறை மாதிரிகளை உடைத்து அரைக்கும் அறை ஒன்று இருக்கிறது. நாம் வரும்போது பார்த்தோம். கதவைச் சாத்திக்கொண்டு யந்திரம் ஓடுகிறது. ஜன்னல் கம்பியில் ஒரு விரற்கடைக்குத் தூசி. யந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யந்திரத்திற்கு ஆயுதபூஜைப் பொட்டு வைத்திருக்கிறது. அந்த ஆளுக்கு முகமூடி இல்லை. எத்தனை வருஷமாய் நிற்கிறார், மார்பு படம் எடுத்ததுண்டா என்று கேளுங்கள். அவர் சுவாசிக்கும் காற்றில் தூசி எவ்வளவு, அதில் வெண்கல்லின் பங்கு எவ்வளவு என்று இந்த வாரமே அளக்க ஆரம்பியுங்கள். அதற்கு எந்தக் கம்பெனியிலும் உத்தரவு வாங்கவேண்டியதில்லை.